கடினமான பாடம் எடுக்கப் போகும் பிள்ளைக்கு

கண்ணு,

நீ அனுப்பிய பாடப் பட்டியலைப் பார்த்தேன். ஒவ்வொன்றுக்கும் எதிரே 'ஈசி', 'ஹார்டு' என்று யாரோ சீனியர் எழுதிக் கொடுத்திருப்பதையும் பார்த்தேன். பல் மருத்துவக் கல்லூரிக்கு ஜிபிஏ முக்கியம் என்கிறார்களே, ஈசியானதை எடுத்து மார்க்கைக் காப்பாற்றிக்கொள்ளட்டுமா, கஷ்டமானதை எடுத்து என்னை நிரூபிக்கட்டுமா என்று கேட்டிருக்கிறாய்.

ஊரில் நாங்கள் படித்தபோது இந்தக் கேள்வியே எழவில்லை. பிளஸ் டூ முடிந்தது, பி.டி.எஸ். இடம் கிடைத்தது, எதைப் படிக்க வேண்டும் என்று பல்கலைக்கழகமே எழுதி வைத்திருந்தது. அமெரிக்காவில் பெரும்பாலும் நான்கு வருடம் கல்லூரி, அதற்குமேல் நான்கு வருடம் பல் மருத்துவம். முதல் நான்கு வருடத்தில் என்ன படிப்பது என்பதைப் பாதிக்குமேல் நீயே தீர்மானிக்கிறாய். பதினெட்டு வயதில் அது பெரிய சுமைதான். மாணவர் கிளினிக்கில் மேற்பார்வைக்கு நின்று நின்று கால் வலித்தவள் என்ற உரிமையில் சில விஷயங்கள் சொல்கிறேன். பிடித்ததை எடுத்துக்கொள்.

1. முதலில் கட்டாயத்தை எழுதி வை. உயிரியல், பொது வேதியியல், ஆர்கானிக், இயற்பியல் என நான்கும் பெரும்பாலான பல் மருத்துவக் கல்லூரிகளில் தலா ஒரு வருடம், லேபோடு. பல இடங்களில் பயோகெமிஸ்ட்ரியும் கேட்கிறார்கள். ஆங்கிலமும் உண்டு. கல்லூரிக்குக் கல்லூரி கணக்கு மாறும். பள்ளியில் நீ எழுதிய ஏபி தேர்வை ஒரு கல்லூரி ஏற்கும், பக்கத்துக் கல்லூரி ஏற்காது. நீ விண்ணப்பிக்க நினைக்கும் கல்லூரிகளின் விதிகளை நீயே படித்துக் குறித்துக்கொள். சீனியர் சொன்னார் என்று விட்டுவிடாதே. அவர் பார்த்தது அவருடைய வருடத்து விதி.

2. ஒரு பாடத்தை எடுக்குமுன், 'இது எனக்குத் தெரியாமல் ஒருவர் என் நாற்காலியில் வந்து உட்கார்ந்தால் என்ன ஆகும்?' என்று கேட்டுப் பார். நான் நேரில் கண்டதைச் சொல்கிறேன். மேல் கோரைப்பல்லின் வேரில் சீழ் பிடித்து, கன்னம் வீங்கி ஒருவர் வந்தார். மாணவன் வீக்கத்துக்குப் பக்கத்திலேயே லிடோகெயின் ஊசி போட்டான். மரத்துப்போகவில்லை. இன்னொன்று போட்டான். அப்போதும் பல்லைத் தொட்டால் அவர் துள்ளினார். பையனுக்கு வியர்த்துவிட்டது. அவனைத் தனியே அழைத்து, 'லிடோகெயின் அமிலமா, காரமா?' என்று கேட்டேன். விழித்தான். பிறகு அவனே மெல்ல வந்து சேர்ந்தான்: அது வலுக்குறைந்த காரம், அதன் பிகேஏ 7.9-ஐ ஒட்டி இருக்கும். மின்னூட்டம் இல்லாத வடிவம்தான் நரம்பின் உறையைத் தாண்டி உள்ளே போகும். சீழ் பிடித்த இடம் அமிலத் தன்மை கொண்டது. அங்கே அந்த வடிவம் குறைந்துவிடுகிறது, மருந்து வெளியிலேயே நிற்கிறது. ஊசி பலிக்காமல் போவதற்கு அது ஒன்றே காரணம் இல்லை, ஆனால் முக்கியமான ஒன்று. வீக்கத்திலிருந்து தள்ளி, கண்ணுக்குக் கீழே வரும் நரம்பில் போட்டான். சிறிது நேரத்தில் அவருடைய உதடு மரத்தது.

அவனைக் காப்பாற்றியது முதல் வருடப் பொது வேதியியலில் வரும் ஹென்டர்சன்–ஹாசல்பால்க் சமன்பாடு. அந்த வகுப்பை 'வெறும் வடிகட்டி' என்று எல்லோரும் திட்டுவார்கள். ஆசிரியர் சொல்லித்தரும்போது எவருக்கும் அதில் ஒரு முகம் தெரிவதில்லை. நீயாவது ஒரு முகத்தை நினைத்துக்கொண்டு படி.

3. ஆர்கானிக் கெமிஸ்ட்ரியைக் கண்டு ஓடாதே. மனப்பாடம் செய்து ஜெயிக்கலாம் என்றும் போகாதே. முதல் மிட்டெர்ம் மனப்பாடத்தில் தேறிவிடும். இரண்டாவதில் கை விரிக்கும். அம்புக்குறி எங்கிருந்து எங்கே போகிறது, எலக்ட்ரான் ஏன் அந்தப் பக்கம் நகர்கிறது என்று தினமும் அரைமணி நேரம் கையால் வரைந்து பார். ராத்திரி அரைத்த மாவு விடியும்முன் பொங்கவில்லையே என்று பாத்திரத்தைத் தட்டிக்கொண்டிருந்தால் எப்படி? அது தன் நேரத்தில்தான் புளிக்கும்.

இந்தப் பாடம் பல் மருத்துவத்துக்கு எதற்கு என்று எல்லாரும் கேட்பார்கள். பல் நிறத்தில் அடைக்கிறோமே, அந்த காம்போசிட்டின் பிசின் ஆர்கானிக்தான். ரஃபேல் போவன் என்பவர் உருவாக்கி 1962-இல் காப்புரிமை பெற்ற பிஸ்-ஜிஎம்ஏ என்ற பிசினின் வழித்தோன்றல்களைத்தான் இன்றும் பயன்படுத்துகிறோம். நீல விளக்கைக் காட்டினால் கேம்ஃபர்குவினோன் என்ற பொருள் 470 நானோமீட்டர் வாக்கில் வரும் ஒளியை உறிஞ்சி ஃப்ரீ ராடிகலைக் கிளப்பிவிடும். மூலக்கூறுகள் சங்கிலியாகக் கைகோத்துக் கெட்டியாகும். கைகோக்கும்போது நெருங்கி வருவதால் பொருள் சுருங்கும். சுருங்கினால் ஓரத்தில் இடைவெளி விழும், இடைவெளியில் மறுபடி சொத்தை வரும். அதனால்தான் குழியை ஒரேயடியாக நிரப்பாமல் அடுக்கடுக்காக வைக்கிறோம். காரணம் தெரிந்தவள் அலுப்பான நாளிலும் அடுக்காகத்தான் வைப்பாள். தெரியாதவள் சாயங்காலம் ஐந்தரை மணிக்குக் குறுக்குவழி தேடுவாள்.

4. 'புரியவில்லை' என்று சொல்லக் கூசாதே. நம் வீடுகளில் முதல் ராங்க் பிள்ளைகளுக்கு இந்தச் சொல் வாயில் வருவதில்லை, நீயும் அந்த ரகம். பேராசிரியரின் ஆபீஸ் அவர்ஸ் பெரும்பாலும் காலியாகக் கிடக்கும். கேள்வி தயாராக இல்லாவிட்டாலும் போ. எந்த இடத்தில் தொலைந்தாய் என்று காட்டு. புரியாமையோடு ஒரு வாரம் உட்கார்ந்திருக்கப் பழகிய பிள்ளையை எனக்குக் கிளினிக்கில் பார்த்தவுடன் தெரிந்துவிடும். எக்ஸ்ரேயில் எதிர்பாராத ஒன்று தெரிந்தால் அவள் பதறமாட்டாள், சமாளிக்கவும் மாட்டாள். 'ஒரு நிமிஷம், வேறு ஒருவரையும் பார்க்கச் சொல்கிறேன்' என்பாள்.

5. வீரம் காட்ட அடுக்காதே. ஆர்கானிக், இயற்பியல், செல் பயாலஜி, மூன்றும் லேபோடு ஒரே செமஸ்டரில் எடுத்து, 'பாருங்கள் என் சுமையை' என்று நின்ற ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். புத்திசாலி. இரண்டு பாடங்களில் சி வந்தது. மறுபடி எடுத்து ஏ வாங்கினாள். அவளுடைய கல்லூரி பழைய மார்க்கை மறைத்துவிட்டது. ஆட்சாஸ் என்கிற பொது விண்ணப்ப முறை மறைக்காது. முதல் முறை வாங்கியதையும் இரண்டாம் முறை வாங்கியதையும் சேர்த்தே கூட்டும், அறிவியல் ஜிபிஏவைத் தனியாகவும் காட்டும். அவள் இன்று நல்ல பல் மருத்துவர்தான், ஆனால் ஒரு செமஸ்டர் மமதைக்கு நிறைய விளக்கம் சொல்ல வேண்டி வந்தது. கடினமானது இரண்டு, அதோடு உனக்குப் பிடித்தது ஒன்று, மூச்சுவிட ஒன்று. முதல் வருடத்துக்கு அதுவே போதும். தாங்கும் என்று தெரிந்த பிறகு மூன்றாக்கிக்கொள். தேர்வுக் குழுவில் இருப்பவர்கள் மொத்த எண்ணை மட்டும் பார்ப்பதில்லை, வருடத்துக்கு வருடம் ஏறியிருக்கிறதா என்றும் பார்ப்பார்கள்.

6. கட்டாயம் முடிந்த பிறகு உன் விருப்பத்துக்கு இடம் வரும். அங்கேதான் உன் மனசு தெரியும். என்னைக் கேட்டால் பயோகெமிஸ்ட்ரி முதலில், பிறகு மனித உடலியல், பிறகு நுண்ணுயிரியல். உடற்கூறியல் உடல் அறுத்துப் பார்க்கும் லேபோடு கிடைத்தால் விடாதே. திசுக்களைப் படிக்கும் ஹிஸ்டாலஜி கிடைப்பது அரிது, கிடைத்தால் எடு. மற்றவர்கள் வேறு வரிசை சொல்வார்கள், சொல்லட்டும்.

ஏன் இந்த வரிசை? வில்லோபி மில்லர் என்ற அமெரிக்கர் பெர்லினில் ராபர்ட் கோக்கின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவர். பிடுங்கிய பற்களை ரொட்டியோடும் எச்சிலோடும் ஊறவைத்து, வாயிலுள்ள கிருமிகள் மாவுப்பொருளை அமிலமாக்குவதையும், அந்த அமிலம் பல்லைக் கரைப்பதையும் காட்டினார். 1890-இல் அவருடைய நூல் ஆங்கிலத்தில் வந்தது. அதுவரை சொத்தைக்குக் காரணம் புழு என்று நம்பியவர்கள் உலகமெங்கும் இருந்தார்கள். நம் பாட்டிமார்களும் 'பூச்சிப்பல்' என்றுதான் சொன்னார்கள். வேதியியலை மட்டும் அறிந்தவருக்குக் கிருமி தெரிந்திருக்காது, கிருமியை மட்டும் அறிந்தவருக்கு அமிலம் பிடிபட்டிருக்காது. இரண்டு வகுப்புக்கும் போனவருக்குத்தான் அது பட்டது. இன்று நீ நோயாளியிடம் 'அடிக்கடி கொறிக்காதீர்கள்' என்று சொல்வாய். அதற்குப் பின்னால் இருப்பது பிஎச் 5.5. இனிப்பு வாய்க்குள் போன சில நிமிடங்களில் பல் படலத்தின் பிஎச் அதற்குக் கீழே இறங்கும், எனாமல் கரையத் தொடங்கும். எச்சில் அதை மீட்டு மேலே கொண்டுவர அரைமணியோ ஒரு மணியோ ஆகும். அதற்குள் அடுத்த பிஸ்கட் வந்துவிட்டால் பல்லுக்கு ஓய்வே இல்லை. எவ்வளவு தின்றாய் என்பதைவிட எத்தனை தடவை தின்றாய் என்பது ஏன் பெரிது என்று இப்போது உனக்கே விளங்கும். பி.டி.எஸ். படித்தபோது கிரெப்ஸ் சுழற்சியை நான் பாட்டாகப் பாடி ஒப்பித்தவள். இங்கே வந்து போர்டு தேர்வுக்கு உட்கார்ந்தபோது அந்தப் பாட்டில் ஒரு சொல்லுக்கும் பொருள் தெரியவில்லை. முதலிலிருந்து படித்தேன்.

7. புள்ளியியலை எடு. இதை யாரும் உனக்குச் சொல்லமாட்டார்கள், அதனால் நான் நீட்டிச் சொல்கிறேன். நம் தர்மபுரிப் பக்கத்தில் பழுப்புக் கறை படிந்த பற்கள் எத்தனை பேருக்கு இருக்கின்றன என்று உன் அம்மாவிடம் கேட்டுப் பார். போர் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். சிரிக்கும்போது கையால் வாயை மூடும் பெண்கள் எங்கள் வகுப்பிலேயே இருந்தார்கள். பல்லோடு நின்றால் பரவாயில்லை, எலும்பையும் முடக்கும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்ததே பெரும்பாலும் அதற்காகத்தான்.

இதே கறையை 1901-இல் கொலராடோ ஸ்பிரிங்ஸுக்கு வேலைக்கு வந்த ஃப்ரெடரிக் மெக்கே என்ற இளம் பல் மருத்துவர் பார்த்தார். 'இந்த ஊர்ப் பல் இப்படித்தான்' என்று அவர் விட்டுவிடவில்லை. கறை படிந்த பற்களில் சொத்தை குறைவு என்பதையும் கவனித்தார். தண்ணீரில்தான் ஏதோ இருக்கிறது என்று சந்தேகித்தவருக்கு விடை கிடைக்க முப்பது வருடம் ஆயிற்று. அதைக் கொடுத்தவர் பல் மருத்துவரே இல்லை. அல்கோவா அலுமினியக் கம்பெனியின் வேதியியலாளர் சர்ச்சில் 1931-இல் தண்ணீரைச் சோதித்து ஃபுளோரைடு என்று கண்டார். அதிகமானால் கறை, அளவோடு இருந்தால் காப்பு. அந்த அளவைத் தேடிப் போய், 1945-இல் மிச்சிகனின் கிராண்ட் ரேபிட்ஸ் உலகிலேயே முதல் ஊராகக் குடிநீரில் ஃபுளோரைடு சேர்த்தது. பக்கத்து மஸ்கீகனைச் சேர்க்காத ஊராக வைத்து ஒப்பிட்டார்கள். கிராண்ட் ரேபிட்ஸ் பிள்ளைகளின் பல் நன்றாக இருப்பதைக் கேள்விப்பட்டு மஸ்கீகன்காரர்கள் 1951-இல் தாங்களும் சேர்த்துக்கொண்டுவிட்டார்கள். ஒப்பிட இருந்த ஊர் போயிற்று! மக்களுக்கு அது நல்லது, ஆராய்ச்சிக்கு இடி. இதில் என்ன சிக்கல் என்று புள்ளியியல் படித்தவளுக்கு உடனே தெரியும்.

இதெல்லாம் பழங்கதை என்று நினைக்காதே. 2025-இல் யூட்டாவும் ஃபுளோரிடாவும் குடிநீரில் ஃபுளோரைடு சேர்ப்பதைத் தடை செய்திருக்கின்றன. நீ வெள்ளைக் கோட்டுப் போடும் நாளில் ஒரு தாய் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, 'இது மூளைக்குக் கெடுதலாமே, டாக்டர்?' என்று கேட்பாள். அவளைப் பார்த்துச் சிரிக்காதே. தர்மபுரியில் வளர்ந்த எனக்கு அந்தப் பயம் அர்த்தமில்லாதது என்று சொல்ல வாய் வராது. அமெரிக்காவில் பரிந்துரைக்கும் அளவு லிட்டருக்கு 0.7 மில்லிகிராம். அவள் படித்த ஆய்வில் தண்ணீரில் எவ்வளவு இருந்தது, யாரை யாரோடு ஒப்பிட்டார்கள் என்று அவளோடு உட்கார்ந்து பார்க்க உனக்குத் தெரிய வேண்டும். ஒரு செமஸ்டர் வகுப்பு அதற்குப் போதும்.

8. இயற்பியல் டிஏடி நுழைவுத் தேர்வில் வராது. அதனால் பலரும் அதைக் கடனே என்று முடிப்பார்கள். நெம்புகோல் தெரியாமல் பல் பிடுங்காதே என்று மட்டும் சொல்லி நிறுத்துகிறேன். எக்ஸ்ரே எடுக்கும்போது தூரம் இரட்டித்தால் கதிர் கால்வாசியாகும் என்பதும் அங்கேதான் வரும். ஆறடி தள்ளி நிற்கச் சொல்வதற்கு அதுவே காரணம்.

9. கைக்கும் ஒரு வகுப்பு கொடு. டிஏடி தேர்வில் வடிவங்களை மனதில் திருப்பிப் பார்க்கும் பகுதி ஒன்று உண்டு: 60 நிமிடத்தில் 90 கேள்விகள். அதற்குப் புத்தகம் வாங்கலாம். மண்பாண்ட வகுப்போ சிற்ப வகுப்போ எடுத்தால் இன்னும் நல்லது. ஜிபிஏவுக்கு ஆபத்தில்லை, மனசுக்கும் ஆறுதல்.

10. லேப் நோட்டில் பொய் எழுதாதே. எண் சரியாக வரவில்லை, பக்கத்து மேசைக்காரருக்கு 'வர வேண்டிய' விடை வந்திருக்கிறது, மணி நாலே முக்கால். எல்லாருக்கும் அந்த நிமிடம் வரும். தப்பான எண்ணை அப்படியே எழுது, ஏன் தப்பியிருக்கும் என்று கீழே இரண்டு வரி எழுது. ரூட் கெனால் செய்யும்போது மெல்லிய ஃபைல் நுனி சில நேரம் உள்ளேயே முறிந்துவிடும். திறமையானவர்கள் கையிலும் முறியும். ஒரு மாணவி கையுறையைக் கழற்றிவிட்டு நோயாளியின் கண்ணைப் பார்த்து, 'கருவியின் நுனி உள்ளே முறிந்திருக்கிறது, இனி என்ன செய்யலாம் என்று சொல்கிறேன்' என்றாள். குரல் நடுங்கியது, ஆனால் சொன்னாள். அதே வருடம் இன்னொருவன் சொல்லாமல் மூடினான். எக்ஸ்ரே காட்டிக் கொடுத்தது. முறிந்ததற்காக அவனை யாரும் கேட்கவில்லை. மறைத்ததற்கு அவனிடம் பதிலில்லை. அந்த இரண்டு பேரும் லேப் நோட்டு எழுதிய விதம் எப்படி இருந்திருக்கும் என்று அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

11. மற்றவர்களோடு ஒப்பிட்டுக் கர்வ் போட்டு மார்க் கொடுக்கும் வகுப்பில் நண்பனின் ஏ உன் ஏ-வைப் பறிப்பதுபோல் தோன்றும். அந்த எண்ணத்துக்கு இடம் கொடுக்காதே. நோட்டைக் கேட்டால் கொடு. சொல்லிக்கொடுக்கும்போதுதான் உனக்கே எங்கே ஓட்டை என்று தெரியும். ஏழெட்டு வருடம் கழித்து இரவு பத்து மணிக்கு ஒரு சிக்கலான கேஸுக்கு ஃபோன் செய்ய உனக்கும் ஆள் வேண்டும்.

12. பேராசிரியரைத் தேர்ந்தெடுக்கும்போது மார்க்கில் தாராளமானவரையே தேடாதே. பரிந்துரைக் கடிதத்துக்குப் பெரும்பாலும் அறிவியல் ஆசிரியர்களிடம்தான் போய் நிற்பாய். முந்நூறு பேர் வகுப்பில் ஏ வாங்கியவளைப் பற்றி அவருக்கு எழுத என்ன இருக்கிறது? கண்டிப்பானவரிடம் பி-ப்ளஸ் வாங்கி, வாராவாரம் கதவைத் தட்டியவளைப் பற்றி ஒரு பக்கம் எழுதுவார்.

13. இது கொஞ்சம் கசக்கும். இரண்டாம் வருடத்துக்குள் ஒரு பல் மருத்துவரிடம் போய், கூடவே நின்று வேலையைப் பார்க்கும் ஷேடோயிங் செய். ஒரு நாள் பார்த்தால் எல்லாம் அழகாக இருக்கும், பல நாள் போ. குனிந்த கழுத்தையும், அழும் குழந்தையையும், இன்ஷூரன்ஸ்காரரோடு நடக்கும் பேச்சையும் பார். கடன் வாங்கிப் பல் மருத்துவம் முடிப்பவர்களின் சராசரிக் கடன் மூன்று லட்சம் டாலரை ஒட்டி நிற்கிறது. அந்தப் பணத்துக்கு முன்னால் உன் விருப்பம் உன்னுடையதுதானா என்று தெரிந்துகொள்வது நல்லது. உன் அம்மாவுக்கு நான் டாக்டர் ஆனதில் பெருமை, அதே பெருமையை உன்னிடமும் எதிர்பார்க்கிறாள். அது அவள் ஆசை. பயோகெமிஸ்ட்ரி படிக்கும்போது பல்லைவிட அந்த மூலக்கூறே உன்னை இழுத்தால் அதன் பின்னால் போ. நீ எடுத்த எந்த வகுப்பும் வீணாகாது.

இப்போது உன் பட்டியலுக்கு வருகிறேன். இந்தச் செமஸ்டருக்குப் பொது வேதியியலும் லேபும், உயிரியலும் லேபும், ஆங்கிலம், அப்புறம் அந்த மண்பாண்ட வகுப்பு. புள்ளியியலை அடுத்த செமஸ்டருக்கு வை. ஆர்கானிக்கைச் சம்மரில் எட்டு வாரத்தில் முடித்துவிடலாம் என்று உன் சீனியர் எழுதியிருப்பதை அடித்துவிடு, அதற்குப் புளிக்க நேரம் வேண்டும் என்று சொன்னேன். 'மண்பாண்டமெல்லாம் எதற்கு, அதற்குமா ஃபீஸ்?' என்று உன் அப்பா கேட்பார். அவரிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

உன் சித்தி